சாமிக்கு முன்னால் வைத்த பேக்கப்

கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர்களிடம் "பேக்கப் இருக்கிறதா?" என்று கேட்பதில் பயனில்லை. இருக்கிறது என்றுதான் சொல்வோம். கடைசியாக எப்போது எடுத்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். எங்கோ ஒரு பிரிண்டரில் பேப்பர் சிக்கியிருப்பது திடீரென்று ஞாபகம் வந்து எழுந்து போய்விடுவோம். நான் அப்படிப் பலமுறை எழுந்து போயிருக்கிறேன். ஒரே ஒரு முறை மட்டும் எழுந்து போக முடியவில்லை. (அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. ஆனாலும் புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் டீ நேரத்தில் வந்து கேட்கிறார்கள்.)

ஓசூர் தொழிற்பேட்டையில் லாரிகளுக்கு இரும்புப் பாகங்கள் செய்து தரும் ஒரு கம்பெனி. தொண்ணூறு பேர் வேலை செய்தோம். அதில் கம்ப்யூட்டர் துறை என்பது நான். துறைத் தலைவரும் நான்தான், ஸ்டூல் போட்டு ஏறி ஒயர் இழுப்பதும் நான்தான். சங்கரன்கோவிலிலிருந்து பஸ் ஏறி வந்த கோமதிக்கு இங்கே "சிஸ்டம் மேடம்" என்று பெயர். சிஸ்டம் மேடத்தை எதற்கு வேண்டுமானாலும் கூப்பிடலாம். கேன்டீனில் மிக்சி ஓடவில்லையென்றாலும் கூப்பிட்டார்கள். (ப்ளக் இருக்கிறதல்லவா, அப்படியென்றால் கம்ப்யூட்டர்தானாம்.) பதினைந்து வருடம் கழித்து இன்றும் அதே நாற்காலிதான். முதுகுவலி மட்டும் பதவி உயர்வு பெற்றிருக்கிறது.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. அந்த வயதில் இருக்க வேண்டிய எல்லா அறிவும் எனக்கு இருந்தது, கூடவே அந்த வயதில் இருக்கக் கூடாத தைரியமும். எங்கள் சர்வரில் நான் செய்த ஒரு காரியத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் மீதி புரியாது.

ஒரு கோப்பைச் சேமித்தால் சர்வர் அதை டிஸ்க்கில் இரண்டு இடங்களில் எழுதுகிறது. சரக்கு ஓரிடத்தில், அந்தச் சரக்கு எங்கே இருக்கிறது, அதன் பெயர் என்ன என்கிற விவரம் வேறோர் இடத்தில். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஒன்றை எழுதி இன்னொன்றை எழுதுவதற்குள் கரண்ட் போய்விட்டால் சரக்கு இருக்கும், பெயர் இருக்காது. அல்லது பெயர் இருக்கும், திறந்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. இதற்காகவே ஜர்னல் என்று ஒரு குறிப்பு உண்டு. "இப்போது இதைச் செய்யப் போகிறேன்" என்று அதில் எழுதிவிட்டுத்தான் சர்வர் வேலையைத் தொடங்கும். நடுவில் விழுந்தாலும் எழுந்ததும் குறிப்பைப் பார்த்து மீதியை முடித்துக்கொள்ளும். எங்கள் ஷிப்ட் நோட்டு மாதிரிதான். காலை ஷிப்ட்காரர் "டூல் மாற்றுவது பாதியில் நிற்கிறது" என்று எழுதிவைத்துவிட்டுப் போனால் மதிய ஷிப்ட்காரர் வந்து மீதியைப் பார்த்துக்கொள்வார். எழுதாமல் போனால் அவர் பாட்டுக்கு மெஷினை ஓட்டுவார், டூல் பறந்து போய்ச் சுவரில் குத்தும்.

அந்த ஜர்னலை நான் நிறுத்தி வைத்திருந்தேன்.

காரணம் நாகராஜப்பா. அவர் தரப் பரிசோதனைத் துறைத் தலைவர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக்காரர். வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். "ஏன் மேடம் இது, ஒரு டிராயிங் தொறக்கறதுக்குள்ள டீ ஆறிப்போகுது" என்று தினமும் வந்து நிற்பார். எங்கோ படித்தேன், ஜர்னலை நிறுத்தினால் வேகம் கூடும் என்று. நிறுத்தினேன், கூடியது. நாகராஜப்பா எனக்கு ஒரு தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார். அந்த பன்னுக்குத்தான் இத்தனையும்.

இன்னொன்றும் செய்திருந்தேன். பரிசோதனை அறிக்கைகள் எல்லாம் அதுவரை தாளில் இருந்தன. கையெழுத்துப் போட்டு அட்டைப்பெட்டியில் போட்டு வைப்பார்கள். "ஸ்கேன் பண்ணி சர்வர்ல ஏத்திட்டா தாளைக் கிழிச்சுப் போட்றலாம் சார், இடம் மிச்சம்" என்று முதலாளியிடம் சொன்னது நான்தான். அவரும் கிழிக்கச் சொல்லிவிட்டார். "பேக்கப் இருக்குதில்லம்மா?" என்று ஒருமுறை கேட்டார். "இருக்கு சார்" என்றேன்.

அந்த வருடம் ஆயுத பூஜை வியாழக்கிழமை வந்தது. திங்கட்கிழமை பெங்களூரிலிருந்து ஒரு பெரிய வண்டிக் கம்பெனியின் ஆடிட்டர் வருவதாக இருந்தது. எங்களிடம் "பின்" என்கிற இரும்புப் பாகம் ஒன்றை வாங்குகிற கம்பெனி அது. கடைசி மூன்று மாத அறிக்கைகளை எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார்கள். அவற்றைக் காட்டினால் ஆர்டர் தொடரும், காட்டாவிட்டால் வேறு ஊருக்குப் போகும். தொழிற்சாலையில் பாதிப் பேர் அந்தப் பின்னைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். ஆர்டர் போனால் அவர்கள் போக வேண்டும். அவர்களுக்கு முன்னால் நான் போக வேண்டும்.

எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் ஆயுத பூஜை என்றால் தீபாவளியைவிடப் பெரிய விஷயம். மெஷின்களையெல்லாம் கழுவித் துடைத்து, விபூதிப் பட்டை போட்டு, வாழைக்கன்று கட்டி, வாசலில் பூசணிக்காய் உடைப்போம். ஒவ்வொரு துறையும் தன் ஆயுதத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைக்க வேண்டும். லேத்காரர்கள் டூலை வைப்பார்கள், நாகராஜப்பா மைக்ரோமீட்டரை வைப்பார், ஸ்டோர்காரர் ரெஜிஸ்டரை வைப்பார். முந்தைய வருடம் நான் மவுஸ் வைத்தேன். எலி வாகனம் வந்துவிட்டது, பிள்ளையாரைக் காணோம் என்று எல்லோரும் சிரித்தார்கள். அதனால் இந்த வருடம் கெத்தாக இருக்கட்டும் என்று பேக்கப் டிஸ்க்கைக் கொண்டுபோய் வைத்தேன். கறுப்பாக, செங்கல் கனத்தில் இருக்கும். முதலாளியின் மனைவி (அவரை நாங்கள் எல்லோருமே அம்மா என்போம்) அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு செவ்வந்திப் பூவும் சொருகினார்.

வைத்ததை மறுநாள் காலை மறுபூஜை முடியாமல் எடுக்கக் கூடாது. அது அம்மாவின் சட்டம். ஒரு வருடம் யாரோ ஸ்பேனரை அவசரத்துக்கு எடுத்தார்களாம், அந்த வாரமே கம்ப்ரஸர் வெடித்ததாம். அதைச் சொல்லும்போது அம்மா நம் கையையே பார்ப்பார்.

பதினோரு மணிக்கு கற்பூரம் காட்டினார்கள். நான் ஒரு நல்ல காரியமும் அன்று செய்துகொண்டிருந்தேன். ஆடிட்டுக்காக அறிக்கைகளையெல்லாம் ஒரே ஃபோல்டருக்கு மாற்றும் வேலையை சர்வருக்குக் கொடுத்துவிட்டு வந்து கைகூப்பி நின்றேன். பூஜை நேரத்தில் மெயின் கரண்டை நிறுத்துவது வழக்கம். சர்வருக்கு யூபிஎஸ் இருக்கிறது, இரண்டு மணி நேரம் தாங்கும், பயமில்லை. கண்ணை மூடி, ஆடிட் நல்லபடி நடக்க வேண்டும் என்று வேண்டினேன். கண்ணைத் திறந்தபோது எலக்ட்ரீஷியன் முனிராஜ் சர்வர் ரூமிலிருந்து விபூதித் தட்டோடு வந்துகொண்டிருந்தான்.

முனிராஜ் சானமாவுப் பக்கம். பாதி நாள் தாமதமாக வருவான். கேட்டால் "ரோட்ல யானைக்கா" என்பான். யானையை யாரும் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. அன்று மட்டும் ஆறு மணிக்கே வந்து எல்லா பேனலையும் துடைத்திருந்தான்.

"யூபிஎஸ்ஸுக்கும் பொட்டு வெச்சிட்டயா முனிராஜ்?" என்று கேட்டேன்.

"வெச்சிட்டங்க்கா. ஆஃப் பண்ணிட்டுத்தான் வெச்சன். வருசம் பூரா நிக்காம ஓடுது பாவம், ஒருநாளு அதுக்கும் ரெஸ்ட் வேணுமில்ல."

அவன் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அன்றைக்கு எல்லா மெஷினுக்கும் ஓய்வு. எதற்கு ஓய்வு கூடாது என்று அவனிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.  கையில் கொடுத்த பொரியை அப்படியே வைத்துக்கொண்டு சர்வர் ரூமுக்கு ஓடினேன்.

பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் வந்தது, சர்வரைப் போட்டேன். பாதி எழுந்து நின்றுகொண்டது. டிஸ்க்கில் சரக்கும் விவரமும் ஒத்துப்போகவில்லை, சரிபார்க்க வேண்டும் என்றது. ஜர்னல் இருந்திருந்தால் இரண்டு நிமிடத்தில் தானே முடித்துக்கொண்டு எழுந்திருக்கும்.

இந்த மாதிரி நேரத்தில் முதல் விதி, கெட்ட டிஸ்க்கில் கை வைக்காதே. அதை அப்படியே இன்னொரு டிஸ்க்கில் நகல் எடு, நகலில் பழுது பார். எனக்கு அது தெரியும். அவ்வளவு பெரிய இன்னொரு டிஸ்க் எங்களிடம் ஒன்றுதான் இருந்தது. அது செவ்வந்திப் பூவோடு சாமிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. அம்மா பக்கத்திலேயே நாற்காலி போட்டுக்கொண்டு எல்லோருக்கும் சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தார். எடுக்கிறேன் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். சொன்னால் முதலாளிக்குத் தெரியும். ஒருநாள் பொறுத்திருக்கலாம். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று ஸ்கூலில் நான்தான் பேச்சுப் போட்டியில் பேசிப் பரிசு வாங்கினேன். அந்தப் பரிசு எவர்சில்வர் டம்ளர் இன்னும் வீட்டில் இருக்கிறது.

நேரடியாகப் பழுது பார்க்கத் தொடங்கினேன். அது கேள்வி கேட்டது. இந்தக் கோப்புக்கு ஊர் பேர் இல்லை, சேர்த்துக்கொள்ளவா? ஆம். இந்த இடத்தை இரண்டு கோப்புகள் சொந்தம் கொண்டாடுகின்றன, பிரித்துவிடவா? ஆம். இந்த விவரம் தப்பு, அழிக்கவா? முதல் இருபது கேள்விகளைப் படித்துப் பார்த்து ஆம் சொன்னேன். அடுத்த இருநூறுக்குப் படிக்காமல் சொன்னேன். அதற்கப்புறம் விரல் வலித்தது. மேஜை மேல் ஒரு பெரிய போல்ட் கிடந்தது. அதைத் தலைகீழாக, ஆம் என்பதற்கான "ஒய்" எழுத்தின் மேல் நிறுத்தி வைத்துவிட்டுப் பொரி சாப்பிட்டேன். என் வாழ்க்கையின் மிக முக்கியமான முடிவுகளை அந்த போல்ட்தான் எடுத்தது.

நாலு மணிக்கு முடிந்தது. சர்வர் சுத்தமாக எழுந்தது, ஒரு குறையும் சொல்லவில்லை. ஃபோல்டர்களைத் திறந்து பார்த்தேன். காலி. தொலைந்து கிடைத்தவை என்ற பெயரில் ஒரே ஒரு ஃபோல்டர் மட்டும் நிரம்பி வழிந்தது. உள்ளே பதினெட்டாயிரம் கோப்புகள். ஒன்றுக்கும் பெயர் இல்லை, எல்லாவற்றுக்கும் எண்தான். டிராயிங், அறிக்கை, கேன்டீன் மெனு, யாருடைய போட்டோவோ எல்லாம் ஒரே குவியல். சரக்கு இருக்கிறது. எது எது என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

பரவாயில்லை, நாளைக்கு பேக்கப் இருக்கிறது என்று வீட்டுக்குப் போனேன். வீட்டில் உட்கார்ந்து, கடைசியாக எப்போது எடுத்தோம் என்று யோசித்தேன். அங்கே சிக்கிய பிரிண்டர் எதுவும் இல்லை, எழுந்து போக.

மறுநாள் விஜயதசமி. காலை எட்டு மணிக்கு மறுபூஜை முடிந்து அம்மா டிஸ்க்கை எடுத்துக் கொடுத்தார். கேபிள் சொருகுகிற துளையில் சந்தனம் கெட்டியாகக் காய்ந்திருந்தது. சேஃப்டி பின்னால் சுரண்டி எடுத்துச் சொருகினேன். டிஸ்க் அருமையாக வேலை செய்தது. சாமி அதன் பங்கைச் சரியாகத்தான் செய்திருந்தது. கடைசிக் கோப்பின் தேதி ஜூன் மாதம். ஆடிட்டர் கேட்டது ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர்.

போய்ச் சொன்னேன். முதலாளி வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், எங்களிடம் தமிழ், திட்டுவதற்கு எந்த மொழி முதலில் வாய்க்கு வருகிறதோ அது. அன்று எந்த மொழியும் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பேக்கப் இருக்குதுன்னியேம்மா."

"இருக்கு சார். ஜூன் வரைக்கும் இருக்கு."

"நாகராஜப்பா, அந்தத் தாளெல்லாம்?"

"கிழிச்சாச்சு சார்" என்றார் நாகராஜப்பா. "ஆயித்து. நம்ம கதை ஆயித்து." (முடிந்தது என்று அர்த்தம். அந்த ஒரு கன்னட வார்த்தை யாருக்கும் விளக்கம் இல்லாமலே புரிந்தது.)

முதலாளி என்னைப் பார்த்தார். "நம்பர் போட்ட ஃபைலெல்லாம் தொறந்து பாத்தா உள்ள இன்னான்னு தெரியுமில்ல?"

"தெரியும் சார். பதினெட்டாயிரம் இருக்கு."

"சரே. தொறக்கலாம்."

அறிக்கைகள் எல்லாம் ஸ்கேன் செய்த படங்கள். உள்ளே எழுத்தைத் தேட முடியாது, கண்ணால் பார்த்தால்தான் உண்டு. மறுபூஜைக்கு வந்தவர்களில் பத்துப் பேர் வீட்டுக்குப் போகாமல் நின்றார்கள். ஆறு கம்ப்யூட்டர்கள். ஒவ்வொருவருக்கும் ஆயிரக்கணக்கில் எண்களைப் பிரித்துக் கொடுத்தேன். மெஷின் ஓட்டுகிறவர்கள்தான் வேகமாகப் பார்த்தார்கள். "இது நம்ம மூணாம் நம்பர் மெஷின் பீஸு, ஆகஸ்ட்ல ஓட்டனது" என்று படத்தைப் பார்த்த உடனே சொல்லிவிடுவார்கள். நான் பெயர் மாற்றுவேன். கண்ணில் பட்டால் போதும் என்று எல்லோரும் பொரியை மென்றுகொண்டே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எதிர்பாராத ஒரு சிக்கல், அந்தக் குவியலில் எல்லோருடைய எல்லாமும் இருந்தது. பெயரும் ஃபோல்டரும் போனபின் ரகசியம் என்று ஒன்று இல்லை. முனிராஜ் திறந்த ஒரு கோப்பில் நாகராஜப்பாவின் பயோடேட்டா இருந்தது. வேறு கம்பெனிக்கு விண்ணப்பிக்கத் தயாரித்தது. முனிராஜ் அதை உரக்கப் படித்தான். நாகராஜப்பா மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி, "சம்பளம் இன்னா கேட்டிருக்காரு பாரு" என்றார். அந்த வருடம் எங்கள் எல்லோரையும்விட அவருக்குத்தான் அதிகமாகச் சம்பளம் கூடியது என்பது வேறு கதை.

முதலாளியும் ஒரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தார். மூன்று மணி இருக்கும். "கோமதி, இங்க வாம்மா" என்றார். குரலில் ஒன்றுமே இல்லை. போனேன். திரையில் இரண்டு கடிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்திருந்தார்.

இரண்டும் என்னுடைய விடுப்புக் கடிதங்கள். ஒன்று பிப்ரவரி. "என் சித்தப்பா நேற்று மாரடைப்பால் திடீரெனக் காலமாகிவிட்டார். இறுதிச் சடங்கில் கலந்துகொள்ள மூன்று நாள் விடுப்பு தேவை." மற்றொன்று ஆகஸ்ட். அதிலும் சித்தப்பா நேற்று மாரடைப்பால் திடீரெனக் காலமாகியிருந்தார். பழைய கடிதத்தில் தேதியை மட்டும் மாற்றியிருந்தேன். (பிப்ரவரியில் பெங்களூரில் ஒரு இன்டர்வியூ, கிடைக்கவில்லை. ஆகஸ்டில் மதுரையில் ஒரு தோழியின் கல்யாணம். நடுவில் மேனேஜர் மாறியிருந்தார், அந்த தைரியம்.) அப்பா எனக்குச் சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மாவை எழுதக் கை வராது. மாமியார் அப்போது இன்னும் அமையவில்லை. மீதியிருந்தவர், என்னைப் படிக்க வைத்த சித்தப்பா.

"உனக்கு எத்தன சித்தப்பாம்மா?"

"ஒருத்தர்தான் சார்."

"இதுல எது ஒரிஜினல், எது பேக்கப்பு?"

அறை முழுவதும் பொரி மெல்லும் சத்தம் நின்றுவிட்டது. "ரெண்டும் இல்ல சார்" என்றேன். "அவர் நல்லா இருக்கார்." எனக்கு அப்போது அழுகை வந்தது. ஆர்டர் போனாலும் இவர் மன்னிப்பார், இதை மன்னிக்க மாட்டார் என்று தோன்றியது.

"சரே, அப்புறம் பேசலாம். போயி ஆகஸ்ட் மாசத்தப் பாரு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் மூன்று அறிக்கைகள் தவிர எல்லாம் கிடைத்தன. அந்த மூன்றின் சரக்கு குவியலிலேயே இல்லை. (இன்றைக்கு என்றால் படங்களை மட்டும் தனியே பிரித்து, தேதிவாரியாக அடுக்கி, வேலையைக் கால்வாசியாகக் குறைத்திருப்பேன். அன்றைக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் மறுபடி ஒரு கட்டளையைத் தட்ட யார் என்னை விட்டிருப்பார்கள்?) திங்கட்கிழமை ஆடிட்டர் வந்து உட்கார்ந்த உடனேயே முதலாளி சொல்லிவிட்டார், சர்வர் விழுந்துவிட்டது, மூன்று அறிக்கைகள் இல்லை, மீதியெல்லாம் இருக்கிறது என்று. ஆடிட்டர் அதை ஒரு குறையாக எழுதிக்கொண்டார். என்னைக் கூப்பிட்டு, "பேக்கப் எடுத்தேன்னு காட்ட வேணாம், அதுலேர்ந்து ஒரு ஃபைல திருப்பி எடுத்துக் காட்டுங்க, மாசாமாசம்" என்றார். ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை. அன்று கேன்டீனில் யாரோ எனக்குத் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார்கள், சாப்பிட முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை ராஜினாமாக் கடிதத்தைக் கையால் எழுதி எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன். அவர் வாங்கிப் படித்தார்.

"இதுலயாச்சும் யாரும் சாவலயே" என்றார். பிறகு மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "உன்ன அனுப்பிட்டா மீதி நம்பரையெல்லாம் எவன் பாக்கறது? ஆனா ஒண்ணு. இனிமே உனக்கு லீவு வேணும்னா லெட்டர் வேணாம். உங்க சித்தப்பா எனக்கு ஃபோன் பண்ணணும். உசிரோட இருக்கறன்னு அவரு வாயால சொல்லணும். அப்பதான் லீவு."

அவர் விளையாடவில்லை. அன்று சாயங்காலம் ஊருக்கு ஃபோன் செய்து சித்தப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். ஃபோனிலும் கடைசி சீட் வரைக்கும் கேட்கிற மாதிரிதான் பேசுவார். அன்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏளா, ரெண்டு தடவயா?"

"ஆமா சித்தப்பா."

"எப்படிச் செத்தேன்?"

"மாரடைப்பு."

"ரெண்டாவது?"

"அதுவும் மாரடைப்புதான்."

"ஒனக்கு வேற ஒண்ணும் கெடைக்கலியா? கம்ப்யூட்டர் படிக்க வச்சேனே ஒன்ன" என்றார். அப்புறம் சிரித்தார். நிறுத்தவே முடியாமல் சிரித்தார். பின்னால் சித்தி என்ன என்ன என்று கேட்பது கேட்டது.

அடுத்த பொங்கலுக்கு அவர் ஃபோன் செய்தார். "சார், நான் கோமதி சித்தப்பா பேசுதேன். உசிரோடதான் இருக்கேன். பிள்ளைக்கு நாலு நாள் லீவு குடுங்க." முதலாளி, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டாராம். அவர் முழங்கால் வலியைச் சொன்னாராம். முதலாளிக்கும் முழங்கால். அதன் பிறகு எனக்கு லீவு வேண்டாத நாட்களிலும் இருவரும் பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். என் கல்யாணத்துக்கு, இரண்டு பிரசவத்துக்கு, பிள்ளைகளின் காதுகுத்துக்கு எல்லாம் சித்தப்பாதான் லீவு வாங்கித் தந்தார். சில சமயம் நான் கேட்டது இரண்டு நாளாக இருக்கும், அவர் ஐந்து நாள் வாங்கிவிடுவார். இருவரும் ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. வாங்க வாங்க என்று இவரும், வாங்க வாங்க என்று அவரும் பன்னிரண்டு பதின்மூன்று வருடம் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

போன வருடம் ஒரு காலையில் ஊரிலிருந்து ஃபோன் வந்தது. மாரடைப்பு. அதே மாரடைப்பு.

முதலாளிக்கு நான்தான் ஃபோன் செய்தேன். "சார், லீவு வேணும்" என்றேன். அவர் எப்போதும் போலச் சிரித்துக்கொண்டே, "சித்தப்பாகிட்ட குடும்மா, பேசறன்" என்றார்.  பக்கத்தில் நின்ற என் கணவர் ஃபோனை வாங்கினார். அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் மதியம் சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் ஒரு கார் வந்து நின்றது. வலிக்கிற முழங்காலோடு ராத்திரியெல்லாம் உட்கார்ந்து முதலாளி வந்திருந்தார், கையில் மாலையோடு. கூட்டம் வழிவிட்டது. மாலையைப் போட்டுவிட்டுச் சித்தப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். முதல் முறையாக அப்போதுதான் பார்க்கிறார். சித்தி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"ரெண்டு தடவ லெட்டர் போட்டும் வரலியே சார்" என்றாள். "மூணாவது தடவைக்காவது வந்தியளே."

 முதலாளி வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. சித்தியும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். சாவு வீட்டில் அத்தனை பேர் சிரித்து எங்கள் தெரு அதற்கு முன் பார்த்ததில்லை.

இப்போது எங்கள் வீட்டு விசேஷத்துக்கு யார் தாமதமாக வந்தாலும், "மூணாவது தடவைக்காவது வந்தியளே" என்றுதான் வரவேற்பு. காரணம் தெரியாத சின்னப் பிள்ளைகளும் சொல்கின்றன. நானும் சொல்கிறேன், எல்லோரோடும் சேர்ந்து சிரிக்கிறேன். அதன் பிறகு, எங்கோ ஒரு பிரிண்டரில் பேப்பர் சிக்கியிருப்பது ஞாபகம் வந்ததுபோல் எழுந்து போய்விடுகிறேன்.